ஜாடிக்கு ஒரு பூ, தட்டுக்கு ஒரு பூ: ரிங்லெட் நாற்றங்கால் ஒன்றின் ஸ்னாப்டிராகன்

கேமரன் மலையில், ரிங்லெட் அஞ்சடியைத் தாண்டித் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் திரும்பும் சாலையில், சரிவை ஒட்டி இரண்டு நெகிழிக் கூடாரங்களும் அவற்றுக்கு முன்னால் ஒரு தகரக் கொட்டகையும் கொண்ட சிறிய நாற்றங்கால் ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. பூ விற்கும் நாள்களில் மட்டும் சாலையோரத்தில் ஒரு நீல வாளியை வைத்திருப்பார்கள். வாளி தெரிந்தால் கடை திறந்திருக்கிறது என்று அறிந்துகொள்ள வேண்டியதுதான். கடந்த எட்டு மாதங்களாக அங்கே ஸ்னாப்டிராகனை மூன்று விதமாக வாங்கி வருகிறேன்: ஜாடியில் வைக்கும் நீளத் தண்டுகளாக, அணிச்சலின் (கேக்கின்) மேல் வைக்கும் உதிரிப் பூக்களாக, வீட்டுத் தாழ்வாரத்தில் நடும் நாற்றுகளாக. வீட்டிலிருந்தபடியே அணிச்சல் செய்து விற்பது என் தொழில். அதனால் உதிரிப் பூவைத் தேடித்தான் முதலில் அங்கே போனேன்.

அன்று நடந்ததைச் சொன்னால் அந்தக் கடையின் குணம் விளங்கிவிடும். வாளியில் நின்ற வெளிர்மஞ்சள் கட்டு ஒன்றை எடுத்து, பிறந்தநாள் அணிச்சலுக்கு வேண்டும் என்று சொல்லிப் பணத்தையும் நீட்டினேன். கடைக்காரம்மா பணத்தை வாங்கவில்லை. என் கையிலிருந்த கட்டை வாங்கி வாளியிலேயே திரும்ப வைத்துவிட்டார். “இது பார்க்கிற பூ, தங்கச்சி. சாப்பிடுற பூ வெள்ளிக்கிழமை வெட்டுவேன், அப்போ வாங்க,” என்றார். பூவைப் பறித்து மேலே வைக்கப் போகிறேன், யாரும் சாப்பிடப் போவதில்லை அக்கா, என்று நான் சொல்லிப் பார்த்தேன். அணிச்சலில் வைத்த பிறகு பிள்ளை எடுத்து வாயில் போட்டால் யார் பார்ப்பது என்று கேட்டார். அந்த வாரம் நான் பூவில்லாமல்தான் அணிச்சலைக் கொடுத்தேன். கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் பதினான்கு வெள்ளி வியாபாரத்தை வேண்டாம் என்று திருப்பிய கடையை மறக்கவும் முடியவில்லை.

ஸ்னாப்டிராகனைக் கையில் எடுத்துப் பார்த்திராதவர்களுக்காக ஒரு சொல். நிமிர்ந்த தண்டின் மேல்பாதியில், கீழிருந்து மேலாகப் பூக்கள் வரிசையாக மலரும். ஒவ்வொரு பூவும் மூடிய உதடுகள்போல இருக்கும். இரு கன்னத்தையும் விரலால் அமுக்கினால் வாய் திறந்து, விட்டால் மூடிக்கொள்ளும். இதன் தாயகம் மத்தியதரைக் கடலை ஒட்டிய நாடுகள். கேமரன் மலையில் பூத்தோட்டம் வைத்திருக்கும் சீனர்கள் தங்கமீனைக் குறிக்கும் பெயரால் இதை அழைக்கிறார்கள். அந்த வாயைப் பார்த்தால் பெயர் பொருத்தம் என்றே தோன்றும். நம்முடைய மாலை கட்டுபவர்கள் மட்டும் இதைத் தொடுவதில்லை, அதற்குக் காரணமும் இருக்கிறது: தனிப்பூவின் காம்பு குட்டை, நாரில் இறுக்கினால் பூ கழன்று கையோடு வந்துவிடும், மல்லிகைபோல மணமும் இல்லை. ஆகவே நம் வீடுகளில் இது ஜாடிக்கும் மேசைக்கும் உரிய பூவாகவே நின்றுவிட்டது.

இப்போது அந்த இரண்டு கூடாரங்களுக்கு வருகிறேன். முதல் கூடாரம் பெரியது. வெட்டுப்பூவுக்கு மட்டும் உரியது. இரண்டாவது அதில் பாதிகூட இருக்காது. அங்கே வளர்வது தட்டுக்குப் போகும் பூ. இரண்டிலும் நிற்பது ஒரே செடிதான், நிறமும் ஒன்றுதான், அருகருகே வைத்தால் எந்தப் பூ எந்தக் கூடாரத்தது என்று என்னால் சொல்ல முடியாது. வேறுபாடு மருந்தில் இருக்கிறது. மலை மழையில் இந்தச் செடிக்குத் துரு நோய் வரும். இலையின் அடிப்புறத்தில் சாக்லேட் நிறப் பொடி தட்டி, சில நாளில் இலை காய்ந்துவிடும். இலைப்பேன் பூவின் வாய்க்குள்ளேயே குடியிருக்கும். வெட்டுப்பூவாக விற்கும் தண்டில் ஒரு கறை இருந்தாலும் விலை போகாது என்பதால் பெரிய கூடாரத்தில் மருந்து அடித்தே ஆக வேண்டும் என்று அவர் ஒளிக்காமல் சொல்கிறார். வெட்டிய பிறகும் பூ உதிராமல் இருக்க, வெள்ளி உப்புக் கலந்த ஒரு கரைசலில் தண்டுகளைச் சில மணி நேரம் நிறுத்துகிறார். நான் முதலில் அதைக் கேட்டு, ‘இத்தனை வெள்ளி’ என்று விலை சொல்கிறார் என்றே நினைத்துவிட்டேன். அவர் சொன்னது உலோகம். பூவை முதிரச் செய்யும் எத்திலீன் வாயு தன் வேலையைக் காட்டாமல் தடுப்பது அந்த உப்பு. ஜாடிப் பூவுக்கு அது நல்லது. வாய்க்குள் போகும் பூவுக்கு அது ஆகவே ஆகாது.

இதில் பலரும் தவறிவிடுகிறார்கள் என்பதால் இன்னும் சற்று விரித்துச் சொல்கிறேன். மலேசியாவில் 1974-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ்ப் பதிவான மருந்துப் புட்டியில், அது எந்தப் பயிருக்கு உரியது என்று எழுதியிருக்கும். உண்ணும் பயிராக இருந்தால், கடைசியாக அடித்து எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்பதும் இருக்கும். அலங்காரச் செடிக்கென்று விற்கும் மருந்தில் அந்த நாள் கணக்குக்கே இடமில்லை, ஏனென்றால் அந்தப் பூவை யாரும் உண்ணப் போவதில்லை என்ற எண்ணத்தில்தான் அது தயாராகிறது. ஆகவே பூக்கடைக் கட்டிலிருந்து பூவைப் பறித்து, தண்ணீரில் அலசிவிட்டால் போதும் என்பது சரியான கணக்கு அன்று. செடி உறிஞ்சிக்கொண்ட மருந்து அலசினால் போகாது. ‘ஸ்னாப்டிராகன் உண்ணத்தக்க பூ’ என்று படித்துவிட்டு எந்த ஸ்னாப்டிராகனையும் எடுத்து அணிச்சலில் வைப்பவர்களை என் தொழிலில் நிறையப் பார்க்கிறேன். அந்தக் கடைக்குப் போகுமுன் நானும் அவர்களில் ஒருத்திதான்.

சிறிய கூடாரத்துக்குள் ஒருமுறை என்னை அழைத்துப் போய்க் காட்டினார். நான்கு பக்கமும் நுண்ணிய வலை, வாசலில் இரட்டைத் திரை, பாத்திகளுக்கு மேலே மஞ்சள் நிறப் பசை அட்டைகள் தொங்குகின்றன. அட்டை முழுதும் மிளகுத்தூள் தூவியதுபோல் பூச்சிகள் ஒட்டிக்கிடந்தன. தண்ணீர் மேலிருந்து தெளிப்பதில்லை, வேரருகே சொட்டுக் குழாயில் போகிறது. இலை நனைந்தபடியே இருந்தால்தான் துரு நோய் பிடிக்கும் என்பதால் இதுவே பாதி வைத்தியம். நோய்பட்ட இலையைக் கையால் கிள்ளி, இடுப்பில் கட்டிய பையில் போட்டுக்கொண்டே நடந்தார். கொழுந்து பறிக்கும் கை அது, பேச்சுக்கு நடுவிலும் நிற்கவில்லை. அசுவினி கண்ட செடிக்குச் சோப்புக் கரைசல் தெளித்து, மறுநாள் நல்ல தண்ணீரால் கழுவுகிறாராம். அந்தச் செடியின் பூவை அந்த வாரம் வெட்டுவதில்லை.

உண்ணும் பூ செவ்வாய், வெள்ளி இரண்டு நாள் காலையில் கிடைக்கிறது. மூடியுள்ள தெளிவான நெகிழிப் பெட்டியில், ஈரத்தாள் விரித்து, ஏறத்தாழ நாற்பது பூக்களை அடுக்கி, எட்டு வெள்ளிக்குத் தருகிறார். காலை எட்டு மணிக்குள் வெட்டி முடித்துவிடுவதால் பூ விறைப்பாக இருக்கிறது. குளிர்பதனப் பெட்டியில் நான்கு நாள் குறையில்லாமல் நிற்கிறது. ஐந்தாம் நாள் உதட்டோரம் கண்ணாடிபோல நீர்த்துப்போய்விடும், அதன்பின் வைத்திருப்பதில் பயனில்லை. பெட்டியைப் பழங்கள் வைக்கும் அறையில் வைக்காதீர்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறார், பெட்டி மீதும் எழுதி ஒட்டியிருக்கிறார். நான் ஒரு முறை பப்பாளிக்குப் பக்கத்தில் வைத்து, மறுநாளே பாதிப் பெட்டியைக் குப்பையில் கொட்டிய பிறகு அந்த எழுத்தை மரியாதையோடு படிக்கிறேன்.

சுவை? அதைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுவோம். சுவைக்காக யாரும் இந்தப் பூவை வாங்க வேண்டியதில்லை. முதலில் கீரைத்தண்டின் பச்சை வாடை, பின்னால் நாக்கின் ஓரத்தில் ஒரு மெல்லிய கசப்பு, அவ்வளவுதான். நமக்குப் பூ உண்பது புதிதன்று: வாழைப்பூவை வடை தட்டுகிறோம், சங்குப்பூவின் நீலத்தில் நாசி கெராபு ஆக்குகிறார்கள், அசாம் லக்சாவில் புங்கா காந்தான் இல்லையென்றால் மணமே எழாது. அவற்றோடு ஒப்பிட்டால் ஸ்னாப்டிராகன் சமையலுக்கு ஒன்றும் தருவதில்லை. அது தருவது முகத்தை. வெள்ளைப் பாலேட்டின் மேல் மூன்று இளஞ்சிவப்புப் பூக்களை வாய் மேல்நோக்கி வைத்தால் அணிச்சலே ஏதோ சொல்ல வருவதுபோல் இருக்கும். எலுமிச்சைப் பானத்துக்குப் பனிக்கட்டியில் ஒவ்வொரு பூவாக உறையவைத்துக் கொடுத்தபோது, திருமண வீட்டில் பிள்ளைகள் பானத்தைவிடப் பனிக்கட்டியைத்தான் கேட்டார்கள். அந்த அளவுக்கு எட்டு வெள்ளி நியாயமான விலை.

பயன்படுத்தும்போது சில வேலைகள் இருக்கின்றன. பூவைப் பச்சைப் புல்லியிலிருந்து மெதுவாக உருவி எடுக்க வேண்டும். கசப்பில் பாதி அந்தப் பச்சைப் பகுதியோடு போய்விடுகிறது. வாயைத் திறந்து உள்ளே இருக்கும் மகரந்தத் தாள்களைக் கிள்ளிவிடுவது நல்லது, மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்கள் விருந்தில் யாரேனும் இருக்கலாம். அப்படித் திறக்கும்போதே இலைப்பேன் இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். மருந்தடிக்காத பூ என்பதால் நாற்பதில் ஒன்றிரண்டில் கருங்கோடாக ஒன்று ஓடும், அதைக் குறையாக நான் எண்ணவில்லை. பாலேட்டின் ஈரம் பூவை நிறம் மங்கச் செய்வதால், அணிச்சலைக் கொடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால்தான் பூவை வைக்கிறேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். குளிர்ப் பிரதேசத் தோட்டங்களில் ஃபாக்ஸ்குளோவ் என்று ஒரு செடி உண்டு. அதுவும் நிமிர்ந்த தண்டில் வரிசையாகப் பூப்பது, நிறமும் ஏறக்குறைய இதே சாயல். ஆனால் அதன் பூ திறந்த மணிபோலத் தொங்கும், உள்ளே புள்ளிகள் இருக்கும், மூடிய உதடு இருக்காது. இதயத்தைத் தாக்கும் நஞ்சு அதன் எல்லாப் பகுதியிலும் இருக்கிறது. “மணி மாதிரி இருக்கிற பூ வேண்டும்” என்று அணிச்சல் செய்யும் ஒருவர் கேட்க, கடைக்காரம்மா அந்தச் செடியைத் தம் நாற்றங்காலில் வைப்பதே இல்லை என்று பதில் சொன்னதை நான் அருகில் நின்று கேட்டேன். உண்ணும் பூ விற்கும் இடத்தில் அது சரியான முடிவு.

இனி வெட்டுப்பூ. பத்துத் தண்டுக் கட்டு பதினான்கு வெள்ளி. தண்டு ஏறத்தாழ முக்கால் மீட்டர் வரும். தண்டின் பூக்களில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு மலர்ந்ததும் வெட்டுகிறார். அதுவே சரியான பருவம். அதற்கு முன் வெட்டினால் நுனி மொட்டுகள் வெளிறி, மலராமலே நின்றுவிடும். என் வீட்டில், தண்டின் அடியைக் கொஞ்சம் வெட்டி இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றியதில் எட்டு ஒன்பது நாள் நின்றது, நுனிவரை மலர்ந்தது. பெரிய கூடாரத்துக்கும் வலை போட்டிருப்பதன் காரணத்தைக் கேட்டபோதுதான் ஒரு புதிய செய்தி தெரிந்தது: கருவண்டு போன்ற வலுவான வண்டுகள் அந்த மூடிய வாயைத் திறந்து உள்ளே புகுந்துவிடும், மகரந்தம் சேர்ந்த பூ தன் வேலை முடிந்ததென்று விரைவில் கழன்று விழுந்துவிடும். வண்டு தொடாத பூதான் ஜாடியில் நிற்கும்.

உதிர்வதைப் பற்றிப் பேசும்போது என் சொந்த முட்டாள்தனத்தையும் ஒப்புக்கொள்கிறேன். உறவினர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு நான்கு கட்டு வாங்கி, கூடத்தின் நடுவில், சீர்வரிசைத் தட்டுகளுக்குப் பின்னால் உயரமாக வைத்தேன். முதல்நாள் மாலை பார்த்தவர்கள் எல்லாரும் என்ன பூ என்று கேட்டார்கள். மறுநாள் காலையில் மேசைத் துணி முழுதும் மஞ்சளும் சிவப்புமாக உதிர்ந்து கிடந்தது. தண்டில் நுனி மொட்டுகள் மட்டும் மிச்சம். தட்டுகளில் இருந்தது பழுத்த வாழைப்பழச் சீப்புகளும் ஆப்பிளும். பழுக்கும் பழம் வெளிவிடும் எத்திலீன் வாயு, மூடிய கூடத்தில் ஓர் இரவு முழுக்கச் சூழ்ந்திருந்தால், ஸ்னாப்டிராகன் போன்ற பூ தாங்காது. வெள்ளிக் கரைசலில் நிறுத்திய தண்டுக்கும் ஓர் எல்லை உண்டு போலும். கடைமேல் கோபத்தோடு போனவள், பழத்தட்டு எங்கே இருந்தது என்று அவர் கேட்ட ஒரே கேள்வியில் வாயடைத்துத் திரும்பினேன். நம் வீட்டு விசேஷங்களில் பழமில்லாத கூடம் ஏது? ஆகவே இந்தப் பூவை வாசலில், காற்றோட்டத்தில் வையுங்கள்.

ஆனால் வேறொரு குறைக்கு அந்தக் கடைதான் பொறுப்பு. புலனம் (வாட்ஸ்அப்) வழியாகச் சொல்லிவைத்தால் தானா ராத்தா வரை வேனில் அனுப்புகிறார்கள். அந்தக் கட்டுகளை அட்டைப் பெட்டியில் படுக்கவைத்து அனுப்புகிறார்கள். ஸ்னாப்டிராகன் தண்டைப் படுக்கவைத்தால் சில மணி நேரத்திலேயே நுனி மேல்நோக்கி வளைந்துவிடும். வெட்டிய பிறகும் மேலே எது, கீழே எது என்று அதற்குத் தெரியும். எனக்கு வந்த இரண்டு கட்டிலும் ஒவ்வொரு தண்டும் கொக்கிபோல வளைந்திருந்தது. வேன் ஓட்டிய தம்பியிடம் கேட்டதற்கு, “தண்ணியில வெச்சா நிமிர்ந்திடும் அக்கா,” என்றார். நிமிரத்தான் செய்தது, ஆனால் பழைய வளைவு அப்படியே இருக்க அதற்கு மேலே எதிர்ப்பக்கம் ஒரு புது வளைவு சேர்ந்துகொண்டது. அந்தத் தண்டுகளை உயர ஜாடிக்கு வைக்க முடியாமல் குட்டையாக நறுக்கிக் கிண்ணங்களில் வைத்துச் சமாளித்தேன். வாளியில் நிறுத்தி அனுப்பச் சொல்லி மூன்று முறை கேட்டாயிற்று. வேனில் இடமில்லை என்ற பதிலே வருகிறது. இதை அவர்கள் திருத்தாதவரை வெட்டுப்பூவை நேரில் போய், சொந்த வாளியோடு வாங்குவதே நல்லது.

நாற்றுகளைப் பற்றி எனக்கு இரண்டு மனம். ஐம்பது குழிகள் கொண்ட ஒரு தட்டு இருபது வெள்ளி. விதையிலிருந்து இதை வீட்டில் எழுப்புவது எவ்வளவு பொறுமையைக் கேட்கும் என்பதை அறிந்தவர்களுக்கு அது மலிவு: ஒரு கிராமில் 6,000-க்கும் மேற்பட்ட விதைகள் அடங்கும், கடுகைவிடப் பொடி, முளைக்க வெளிச்சம் தேவை என்பதால் மண்ணால் மூடாமல் மேலேயே தூவி, ஈரம் காயாமலும் நீர் தேங்காமலும் இரண்டு வாரம் காவல் இருக்க வேண்டும். கடையில் வாங்கிய நாற்றின் வேர் தென்னை நார்க்கட்டியைப் பிடித்து நன்றாக இருந்தது, ஐம்பதில் இரண்டுதான் போயின. பாதியை நுனி கிள்ளி நட்டேன், பாதியைக் கிள்ளாமல் நெருக்கி நட்டேன். கிள்ளாதவை ஒவ்வொன்றும் ஒரே கனத்த தண்டாக முதலில் பூத்தன. கிள்ளியவை சில வாரம் பிந்தினாலும் ஒரு செடிக்கு நான்கைந்து மெல்லிய தண்டுகள் கொடுத்தன. அணிச்சல்காரிக்குக் கிள்ளியதே லாபம், தண்டின் நீளம் எனக்குத் தேவையில்லை. சாயாமலிருக்கக் கட்டமிட்ட வலையைப் பாத்திக்கு மேல் கிடையாகக் கட்டி, செடி வளர வளர உயர்த்த வேண்டும் என்பதைக் கடைக்காரம்மாவே சொல்லி, பழைய வலைத்துண்டு ஒன்றையும் இலவசமாகக் கொடுத்தார்.

குறை என்னவென்றால், தட்டில் வகையின் பெயர் இல்லை. கேட்டால் “உயர ரகம்” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. வெட்டுப்பூ ஸ்னாப்டிராகனில் பெயர் தெரியாமல் நடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுபோலத்தான். குறைந்த பகல் நேரத்திலும் குளிரிலும் பூப்பவை முதல் இரண்டு பிரிவு, நீண்ட பகலும் வெப்பமும் வேண்டுபவை மூன்றாம், நான்காம் பிரிவு என்று விதை நிறுவனங்கள் நான்காகப் பிரித்திருக்கின்றன. திறந்த முகமுள்ள ‘சாண்டில்லி’ முன்னதைச் சேர்ந்தது. நெடிய கதிரைக் கொண்ட ‘பொட்டோமாக்’ பின்னதைச் சேர்ந்தது. நம் நாட்டில் ஆண்டு முழுதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம்தான், ஐரோப்பியக் கோடையின் நீண்ட பகல் இங்கே எந்த மாதத்திலும் வராது. என் முதல் தட்டு எந்த வகையோ, இலை மேல் இலையாக விட்டுக்கொண்டே போய், அடுத்த வீட்டுக்காரர் கீரையா என்று கேட்கும் அளவுக்கு வளர்ந்து, மெதுவாகத்தான் மொட்டு வைத்தது. இரண்டாம் தட்டு அதே தாழ்வாரத்தில் விரைவாகப் பூத்தது. அடையாளம் ஒட்டியிருந்தால் இரண்டையும் வேறுவேறு வேலைக்குத் திட்டமிட்டிருப்பேன்.

இதைவிடப் பெரிய குறை, யாருக்கு விற்கிறோம் என்று கேட்காமல் நாற்றை விற்பது. விடுமுறைக்கு வந்த என் அக்கா ஒரு தட்டை வாங்கிக் கீழே சமவெளியிலுள்ள சுங்கை சிப்புட்டுக்குக் கொண்டுபோனார். இந்தச் செடிக்கு இரவு 10 முதல் 16 பாகை செல்சியஸ் இதமானது. 1,100 மீட்டருக்கும் மேலே இருக்கும் ரிங்லெட் இரவே அதற்குச் சற்றுச் சூடு; இன்னும் உயரத்திலிருக்கும் பிரிஞ்சாங்கில் வளரும் தண்டு இங்குள்ளதைவிடக் கனமாக இருப்பதற்கு அந்தக் குளிரே காரணம். அப்படியிருக்க, செம்பனைக் காட்டுக்கு நடுவிலிருக்கும் தோட்ட வீட்டின் வெயிலில் அது என்ன செய்யும்? ஒரு சாண் உயரத்தில் அவசரமாக இரண்டு பூவைப் பூத்துவிட்டுக் கருகியது. உண்ணும் பூவை யாருக்கு விற்பது, எதற்கு விற்பது என்று அத்தனை கவனமாகக் கேட்கும் அதே மனிதர், நாற்றுத் தட்டை நீட்டும்போது “எங்கே நடப் போறீங்க?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இந்தக் குறைகளையெல்லாம் அவரிடமே சொன்னேன். அதனால்தான் இங்கேயும் எழுத மனம் வருகிறது. அவர்மேல் எனக்குள்ள மதிப்பு குறையாததற்கு ஒரு மழைக்காலம் காரணம். ஆண்டிறுதி மழை விடாமல் பெய்த வாரங்களில் சிறிய கூடாரத்திலும் துரு நோய் புகுந்துவிட்டது. பெரிய கூடாரத்துக்கு அடிக்கும் மருந்து அங்கேயே கொட்டகையில் இருந்தது. ஒரு தெளிப்புத் தெளித்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவர் சிறிய கூடாரத்துச் செடிகளில் பாதியைப் பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்திவிட்டு, மூன்று வாரம் உண்ணும் பூ இல்லை என்று புலனத்தில் செய்தி அனுப்பினார். எனக்கு அந்த மூன்று வாரத்தில் ஐந்து அணிச்சல் ஒப்பந்தம் இருந்தது. பெரிய கூடாரத்தில் பூ குலுங்கிக்கொண்டிருந்தது, ஒரே நிறம், ஒரே வாய். ஐந்துக்கும் சர்க்கரைப்பாகில் பூச் செய்து வைத்தேன். ஒரு வாடிக்கையாளர் முகம் சுளித்தார்.

நடைமுறைச் செய்திகள் சில. வண்டி நிறுத்த இரண்டு மகிழுந்துக்குத்தான் இடம் உண்டு, மழை நாளில் சரிவு வழுக்கும். ரொக்கம் மட்டுமன்றிக் கைப்பேசியிலும் பணம் செலுத்தலாம், ஆனால் கொட்டகைக்குள் அலைவரிசை சரியாக எட்டுவதில்லை. உண்ணும் பூப்பெட்டி செவ்வாய், வெள்ளியில் பத்து மணிக்குள் தீர்ந்துவிடும். முந்தின நாள் மாலைக்குள் சொல்லிவைத்தால் பெயர் எழுதி எடுத்து வைக்கிறார். இரண்டு வகைப் பூவும் ஒரே மேசையில் இருந்தாலும், தாளில் சுற்றிய கட்டு இடப்பக்கம், பெட்டி வலப்பக்கம் என்ற ஒழுங்கு மாறுவதில்லை.

போன வெள்ளிக்கிழமை மூன்றாம் தட்டுக்குச் சொல்லிவைக்கப் போயிருந்தேன். வகையின் பெயர் இல்லாமல் இந்த முறை வாங்கமாட்டேன் அக்கா என்றதும், கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, கொட்டகைக்குள் போய்க் கிழிந்த விதைப் பொட்டலம் ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். பனிக்கூழ்க் குச்சி ஒன்றில் பேனாவால் ‘சாண்டில்லி’ என்று தமிழில் எழுதித் தட்டின் மூலையில் குத்தினார். பிறகு, என்ன நினைத்தாரோ, மற்றத் தட்டுகளுக்கும் குச்சி தேடத் தொடங்கினார்.